காலாவதியாதலும் காலாவதியாக்கப்படுதலும்

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் நூல் வியாபாரம் செய்யும் ஒரு கடையில், மாடிப்படிக்கு அடியில், பழைய கணிப்பொறி ஒன்றைத் துணி போர்த்தி வைத்திருக்கிறார்கள். எப்போதாவது பழைய பாக்கித் தகராறு வந்தால் துணியை விலக்கி அதை ஓடவிடுவார்கள். கருப்புத் திரையில் ஒரு பட்டியல் வரும். எண்ணைத் தட்டினால் பேரேடு விரியும். இருபது வருஷத்துக்கும் மேலான கணக்கு அதற்குள் இருக்கிறது. கடைப் பையன்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'செத்த கம்ப்யூட்டர்'. செத்ததென்றால் கூப்பிட்டதும் எப்படி எந்திரிச்சு வருது என்று கடைக்காரரைக் கேட்டேன். "அதுக்கு மார்க்கெட் இல்லைங்க. மார்க்கெட் இல்லாதது செத்ததுதான அண்ணாச்சி" என்றார்.

இக்கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது. அந்தப் பொறி இன்றைக்கும் ஒரு பைசா பிசகாமல் கூட்டுகிறது, கழிக்கிறது, நாள் கணக்குப் பார்த்து வட்டி போடுகிறது. இதை அவர் தினசரி வாழ்விலிருந்து அறிவார். ஆனாலும் அவர் பேசியது தன் அனுபவத்தின் மொழியை அல்ல. விற்பவனின் மொழி அது. சந்தை வீழ்ச்சி, ஆதரவு நிறுத்தம், எதிர்காலம் இல்லை, மாறிக்கொள்ளுங்கள் என்று வியாபார ஏடுகளும் விற்பனைப் பிரதிநிதிகளும் ஓயாமல் உற்பத்தி செய்யும் ஒரு சொல்லாடல், வாங்கியவனின் வாய்க்குள் எப்படிக் குடியேறியது? ஒரு கணிப்பொறித் தளத்தின் மூப்பை யார் கணக்கிடுகிறார்கள், எந்த அளவுகோலால்?

அந்தக் கடையில் ஓடுவது டாஸின் மேல் அமர்ந்த பாக்ஸ்ப்ரோ 2.6. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் இருந்த பாக்ஸ் சாப்ட்வேர் என்ற கம்பெனி உருவாக்கியது பாக்ஸ்ப்ரோ. 1992-ல் அந்தக் கம்பெனியை மைக்ரோசாப்ட் வாங்கிப்போட்டது. 2.6 பதிப்பு 1994-ல் வந்தது. இதன் மூதாதை டிபேஸ். டிபேஸின் முதல் வடிவத்தை எழுதிய வெய்ன் ராட்லிஃப் விண்வெளி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்; ஆபீஸில் நடந்த கால்பந்துப் பந்தயச் சூதில் ஜெயிப்பதற்குக் கணக்குப் போடத்தான் அதை எழுதத் தொடங்கினாராம். வியாபாரக் கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான பூர்வீகம் இருக்க முடியாது.

எண்பதுகளின் கடைசியிலிருந்து இந்தக் குடும்பத்து மென்பொருள்கள் தமிழ்நாட்டின் சிறுநகரங்களுக்குள் இறங்கின. மில்களுக்குக் கணிப்பொறி வேறு வழிகளில் வந்தது. ராஜபாளையத்தில் 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸிலிருந்து வளர்ந்த குழுமம், 1992-ல் ராம்கோ இண்டஸ்டிரீஸின் ஆராய்ச்சிப் பிரிவாக ஒரு மென்பொருள் முயற்சியையே தொடங்கி, 1997-ல் அதை ராம்கோ சிஸ்டம்ஸ் என்று தனி நிறுவனமாக்கியது. அது பெரிய மூலதனத்தின் கதை. நான் பேச வந்தது அதற்குக் கீழே இருந்த அடுக்கு: நூல் கடை, பஞ்சுத் தரகு, சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்காரர்கள், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போடுகிறவர்கள், கைத்தறிச் சேலை மொத்த வியாபாரம். இவர்களுக்கு எந்தக் கம்பெனியும் மென்பொருள் செய்து தரவில்லை. செய்து தந்தவர்கள் உள்ளூர்ப் பையன்கள்.

என் நண்பர் ஒருவர் அந்தப் பையன்களில் ஒருவர். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். பாலிடெக்னிக் படித்துவிட்டு, தினமும் பஸ் ஏறி ராஜபாளையம் வந்து, கடை கடையாக உட்கார்ந்து நிரல் எழுதியவர். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைக்கும் ராஜபாளையம் நூல் கடைக்கும் கணக்கு ஒன்றல்ல என்பதை அந்தத் தூரத்தில் அவர் படித்துக்கொண்டார். பால்கோவா அன்றன்றைக்குப் பாலாக வந்து அன்றன்றைக்குக் காசாகப் போவது. நூல் கடனாகப் போய், துணியாக மாறி, தவணையாகத் திரும்புவது. நடுவில் கழிவு உண்டு, தரகு உண்டு, நாள் வட்டி உண்டு, அந்த வட்டியிலும் ஆளுக்கொரு சலுகை உண்டு. கணக்குப்பிள்ளையின் தலைக்குள் இருந்த இந்த வழக்கங்களையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, பத்து எழுத்துக்கு மேல் பெயர் வைக்க முடியாத கட்டங்களில் அவர் இறக்கினார். ஒரு வட்டாரத்தின் வணிக அறிவு எழுத்து வடிவம் பெற்ற பிரதி என்று அந்த நிரலைச் சொன்னால் மிகையாகாது. நாம்தான் இலக்கியப் பிரதிகளுக்கு வெளியே எதையும் பிரதியாகப் பார்க்கப் பழகவில்லை.

இங்கே ஒரு சங்கடமான உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பாக்ஸ்ப்ரோ பெரும்பாலும் ப்ளாப்பியில் நகலெடுத்து வந்தது. உரிமம் வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணலாம். எனவே சந்தைக் கணக்கெடுப்பு எதிலும் ராஜபாளையம் இருந்ததே இல்லை. விற்பனை ஏறியபோது இவர்கள் அந்த ஏற்றத்தில் இல்லை. இறங்கியபோது அந்த இறக்கத்திலும் இல்லை. அப்படியானால் 'மார்க்கெட் போயிருச்சு' என்று சொல்லும்போது போனது யாருடைய மார்க்கெட்? இவர்களிடம் இருந்தது பயன் மதிப்பு மட்டுமே. விழுந்தது பரிவர்த்தனை மதிப்பு. விற்பவனுக்கு நேர்ந்த சரிவை, ஒருபோதும் அவனுடைய வாடிக்கையாளனாகக்கூட இல்லாத ஒருவர் தன் வீட்டுச் சாவாக நினைத்துத் துணி போர்த்தி வைத்திருக்கிறார். கருத்தியல் வேலை செய்வது இப்படித்தான்.

மைக்ரோசாப்டின் பக்கத்தில் என்ன நடந்தது? விஷுவல் பாக்ஸ்ப்ரோ என்று விண்டோஸுக்கு மாற்றினார்கள். 2004 டிசம்பரில் 9-ஆம் பதிப்பு வந்தது. 2007 மார்ச்சில், இதற்கு மேல் பதிப்பு கிடையாது என்று அறிவித்தார்கள். ஸ்பானிய மொழிக்காரர்கள் முன்நின்று, நிறுத்தாதே என்று உலகம் முழுக்க மனு சேர்த்தார்கள். பலிக்கவில்லை. 2015 ஜனவரியோடு எஞ்சியிருந்த ஆதரவும் முடிந்தது. தரவுதளத்துக்கு எஸ்கியூஎல் சர்வர் என்ற விலை கூடிய சரக்கு அதே கம்பெனியிடம் இருக்கும்போது, மலிவாக அதே வேலையைச் செய்யும் ஒன்றைத் தானே வளர்ப்பதில் அதற்கு லாபமில்லை என்றுதான் பலரும் அன்று பேசிக்கொண்டார்கள். எனக்கும் அதுவே நியாயமான வாசிப்பாகப் படுகிறது.

மூப்புதான் காரணம் என்பவர்கள் இன்னொரு கிழவரையும் பார்க்க வேண்டும். ஐபிஎம் 1988 ஜூனில் வெளியிட்ட ஏஎஸ்/400. நடுத்தர வியாபாரங்களுக்கென்று அமெரிக்காவின் ராச்செஸ்டரில் வடிவமைத்தது. பச்சை எழுத்துத் திரை, ஆர்பிஜி என்ற மொழி. அந்த மொழியோ 1959-ல் பிறந்தது. தொண்ணூறுகளிலிருந்தே இதற்கும் சாவு அறிவிப்பு வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். ஐசீரீஸ், சிஸ்டம் ஐ என்று பெயர் மாறி மாறி 2008-ல் ஐபிஎம் ஐ என்று ஆனது. பெயர் மாற்றுவதையே சாவுக்கு அத்தாட்சியாகச் சொன்னவர்களும் உண்டு. ஆனால் 2022-ல் 7.5, 2025-ல் 7.6 என்று பதிப்பு வந்துகொண்டேயிருக்கிறது. புதிதாக இதை வாங்குகிறவர்கள் குறைவு. இருப்பவர்கள் விடுவதாகவும் இல்லை. சந்தை சுருங்குகிறது, தளம் சாகவில்லை.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே இடத்தில் துல்லியமாகக் காட்டலாம். 1995-ல் ஏஎஸ்/400 தன் பழைய 48-பிட் செயலியை உதறிவிட்டு 64-பிட் செயலிக்கு மாறியது. அஸ்திவாரத்தையே மாற்றுகிற காரியம். ஆனால் வாடிக்கையாளர் தன் நிரல்களைத் திரும்ப எழுத வேண்டியிருக்கவில்லை. பழைய நிரலைப் புதிய செயலிக்கு இயந்திரமே மொழிபெயர்த்துக்கொள்ளும்படி நடுவில் ஓர் அடுக்கை முதலிலேயே கட்டி வைத்திருந்தார்கள். அதே 64-பிட் நம் ஊருக்கு வந்தபோது? விண்டோஸின் 64-பிட் பதிப்புகளில் டாஸ் நிரல்களுக்கு இடமே வைக்கவில்லை. 2021-ல் வந்த விண்டோஸ் 11-ல் 64-பிட் தவிர வேறு கிடையாது. 32-பிட்டும் கிடைத்துவந்த விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டார்கள். ஒரே தொழில்நுட்ப மாற்றம்தான். ஓரிடத்தில் பழையதைத் தோளில் தூக்கி அக்கரை சேர்த்தது, இன்னோரிடத்தில் ஆற்றிலே விட்டது. முடியாததால் விடவில்லை. தூக்கிச் சுமக்கச் சொல்லிக் கேட்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதே பிரச்சினை. ஏஎஸ்/400-இன் பின்னால் வங்கிகளும் காப்பீட்டுக் கம்பெனிகளும் வருஷா வருஷம் கட்டணம் கட்டிக்கொண்டு நின்றன. பாக்ஸ்ப்ரோவின் பின்னால் நின்றது மாடிப்படி அடியில் இருந்த நூல் கடை.

(ஐபிஎம்மைப் புகழ்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தளம் ஐபிஎம்மின் பொறியில் மட்டுமே ஓடும். ஒருமுறை உள்ளே போனவன் வெளியே வருவது லேசல்ல. பாதுகாப்பும் சிறையும் ஒரே சுவராக இருக்கிற ஏற்பாடு அது.)

இயந்திரத்துக்கு இரண்டு வகைத் தேய்மானம் உண்டு என்பது மார்க்ஸ் மூலதனத்தின் முதல் தொகுதியில் சொல்வது. ஓடி ஓடித் தேய்வது ஒன்று, சும்மா கிடந்து துருப்பிடிப்பதும் அதில் சேர்த்தி. இன்னொன்றை அவர் தார்மிகத் தேய்மானம் என்று அழைக்கிறார்: இயந்திரம் நன்றாகவே இருக்கும், அதே போன்றது மலிவாகவோ அதைவிட நல்லதாகவோ சந்தைக்கு வந்தவுடன் இதன் மதிப்பு விழுந்துவிடும். மென்பொருளுக்கு முதல் வகைத் தேய்மானம் கிடையவே கிடையாது. முழுக்க முழுக்க இரண்டாம் வகையிலேயே சாகிற முதல் உற்பத்திக் கருவி இதுதானோ என்று தோன்றுகிறது.

மில் இயந்திரங்களோடு ஒப்பிட்டால் இது இன்னும் விளங்கும். 1999 ஏப்ரலில் ஜவுளித் தொழில்நுட்ப மேம்பாட்டுத் திட்டம் வந்து, புது இயந்திரம் வாங்கும் கடனுக்கு வட்டியில் 5 சதவீதத்தை அரசு ஏற்றது. பெரிய மில்கள் ரிங் ஃப்ரேம்களை மாற்றின. கழித்துப்போட்டவை எல்லாமே இரும்புக் கடைக்குப் போய்விடவில்லை. சின்ன மில்காரன் வாங்கினான். அவன் கழித்ததை அவனிலும் சின்னவன் வாங்கினான். பாபின் மாற்றி, ஸ்பிண்டில் மாற்றி, பெல்ட் மாற்றி இன்னும் பத்து வருஷம் ஓட்டினான். அந்த ஓட்டலுக்குப் பின்னால் ஒரு ஃபிட்டர் கூட்டமே பிழைத்தது. பழைய இயந்திரத்துக்குக் கீழே இறங்கிப் போக ஏணி இருந்தது. என் நண்பருடைய நிரலுக்கு அந்த ஏணி இல்லை. ஒரு கடைக்கென்று தைத்த சட்டை இன்னொரு கடைக்குச் சேராது. செகண்ட் ஹாண்ட் சந்தை இல்லாத சரக்கு, தளம் போனவுடன் நேராகப் பூஜ்யம்.

பூஜ்யம் என்றதும் ஞாபகம் வருகிறது. வேகமான பென்டியம்கள் வந்தபோது பாக்ஸ்ப்ரோ 2.6 'பூஜ்யத்தால் வகுத்தல்' என்ற பிழையைக் காட்டி நின்றுபோனது. தொடங்கும்போது அது பொறியின் வேகத்தை அளந்து பார்க்கும். புதுச் செயலி அந்த வேலையைக் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிட, எடுத்துக்கொண்ட நேரம் பூஜ்யம் என்று பதிவாகும். அதைக் கொண்டு வகுக்கப்போய் விழும். அதையும் ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். 2000 பிறந்தபோது வருஷத்தை நான்கு இலக்கமாக்கினார்கள். 2007 ஜனவரியில் விற்பனை வரி போய் வாட் வந்தபோதும் என் நண்பர் ஒரு மாதம் வீட்டுக்குப் போகாமல் எல்லாக் கடைகளுக்கும் மாற்றிக் கொடுத்தார். தொழில்நுட்பம் கொடுத்த அடிகளையெல்லாம் தாங்கிய கட்டை அது.

சாய்த்தது வேறு. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. முந்தைய வரிகளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் விகிதத்தில் இல்லை, தொடர்பில் இருக்கிறது. முன்பு கடை தன் கணக்கைத் தானே வைத்துக்கொண்டு, கூட்டுத் தொகையை அரசிடம் சொன்னது. இப்போது ஒவ்வொரு பில்லும் அரசின் பொறியோடு பேச வேண்டும். 2020 அக்டோபரில் 500 கோடி வரவுசெலவுக்காரர்களிடம் தொடங்கிய மின்-பில் முறை படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்து சேர்ந்தது. ராஜபாளையத்தில் நடுத்தர நூல் வியாபாரியே அதற்குள் அடங்கிவிடுவார். பில் போட்டால் இணையத்தில் ஏற்றி, எண் வாங்கி, கட்டம் கட்டமான அந்தக் கருப்புச் சதுரத்தை அச்சிட வேண்டும். டாஸில் நிற்கும் நிரல் யாரோடு போய்ப் பேசும்? பிரிண்டரோடு பேசுவதற்கே அதற்குப் பழைய துவாரம் வேண்டும். புதுப் பொறியில் அந்தத் துவாரமும் இல்லை.

என் நண்பர் இதைத் தன் தொழில் மொழியிலேயே சொல்வார்: "பாக்ஸ்ப்ரோவுல டெலீட் போட்டா பதிவு அழியாதுங்க. ஓரமா ஒரு குறி விழும், அவ்வளவுதான். ரீகால் போட்டா திரும்பி வந்துரும். பேக் போட்டாத்தான் நெசமா அழியும். மைக்ரோசாப்ட்காரன் 2007-ல போட்டது டெலீட். 2017-ல கவர்மெண்டு போட்டது பேக்."

ஆக, சந்தை தானாக மூப்படைந்து வீழ்ந்தது என்ற கதையில் இரண்டு கைகள் மறைக்கப்படுகின்றன: உற்பத்தியாளனின் முடிவு, அரசின் படிவம். மாறிய கடைகள் பெரும்பாலும் டேலிக்குப் போயின. பெங்களூரில் 1986-ல் பியூட்ரானிக்ஸ் என்று தொடங்கியவர்களின் மென்பொருள். அதுவும் டாஸில் பிறந்து வளர்ந்த கிழவர்தான், ஆனால் சட்டத்தோடு சேர்ந்து நடக்க ஆள்பலம் உண்டு. நல்ல மென்பொருள். குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் கடையின் வழக்கத்துக்கு நிரல் வளைந்த காலம் போய், நிரலின் கட்டத்துக்குக் கடை வளைகிற காலம் வந்தது. ஆளுக்கொரு நாள் வட்டி என்பதை அதற்குள் வைக்கப் பெரும்பாடு. 'எதுக்கு அண்ணாச்சி, எல்லாருக்கும் ஒரே வட்டின்னு வச்சிருங்க' என்று யாரோ ஒரு பையன் சொல்ல, இரண்டு தலைமுறை உறவின் கணக்கு ஒரு நாளில் சமப்பட்டுப்போனது.

ஆனால், இதைச் சொல்லிவிட்டுப் பாக்ஸ்ப்ரோ காலத்தை ஒரு பொற்காலமாகத் தூக்கிவைக்க எனக்கு விருப்பமில்லை. அந்த நிரல்களில் பட்டியலின் கடைசியில் பெயரில்லாத ஓர் எண் இருக்கும். அதைத் தட்டி ரகசியச் சொல் கொடுத்தால் ரெண்டாம் நம்பர் கணக்கு திறக்கும். வட்டார அறிவு என்று நான் மேலே கொண்டாடியதில் வரி ஏய்ப்பின் அறிவும் சேர்த்தி. தறிக் கூலிக் கணக்கையும் இதே நிரல்கள்தாம் போட்டன. பீஸ் குறைவு, அழுக்கு, முன்பணம் என்று பிடித்தம் செய்ய எத்தனை கட்டங்கள் இருந்தன, நெய்தவர் தன் கணக்கைத் தானே பார்க்க ஒரு கட்டமாவது இருந்ததா? இருக்கவில்லை. உள்ளூர்த் தன்மை என்பதாலேயே ஒன்று மக்கள் தன்மை உடையதாகிவிடாது. அடுத்து, நிரலின் மூலத்தை என் நண்பர் எந்தக் கடைக்கும் கொடுத்ததில்லை. "குடுத்துட்டா என்னைய எதுக்குக் கூப்பிடுவாங்க?" மைக்ரோசாப்ட் உலக அளவில் செய்ததை அவர் பஸ் ரூட் அளவில் செய்தார். அவருக்குக் காய்ச்சல் வந்தால் நாலு கடையில் பில் நிற்கும். தளத்தின் மூப்பு என்று நாம் பேசுவதில் பாதி, அதைத் தெரிந்தவர்களின் மூப்பு. ஏஎஸ்/400-ஐ இப்போது வருத்துவதும் இதுதான்: பொறி இருக்கிறது, நிரல் ஓடுகிறது, ஆர்பிஜி தெரிந்தவர்கள் ஓய்வு பெறுகிறார்கள்.

அந்த இடத்தை யார் நிரப்புகிறார்கள் என்று பார்த்தால் கதை மறுபடி நம் ஊருக்கே திரும்புகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் 1984-லிருந்து கலசலிங்கம் கல்லூரி இருக்கிறது. ராஜபாளையத்தில் 2013-ல் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. படித்து முடித்த பிள்ளைகள் சென்னைக்குப் போகிறார்கள். கம்பெனியில் சேர்ந்ததும் யாரை எந்தத் தளத்தில் போடுவது என்பது அவர்கள் கையில் இல்லை. நூல் கடைக்காரரின் அக்காள் மகன் ஒருவன் ஏஎஸ்/400-இல் போடப்பட்டான். அமெரிக்கக் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றின் நிரல்கள், அவன் பிறப்பதற்கு முன்னால் எழுதப்பட்டவை. போனில் அழுகிற மாதிரிப் பேசினானாம், 'பழசுல மாட்டிக்கிட்டேன் மாமா, இதுக்கு மார்க்கெட்டே இல்லை' என்று. மாமாவின் கடையில் அதைவிட இளைய நிரல் செத்துக் கிடக்கிறது. மருமகன் அதைவிட மூத்த நிரலைக் கடல் கடந்து உயிரோடு வைத்துக்கொள்ளச் சம்பளம் வாங்குகிறான். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். அவனிடம் நான் சொன்னது, ஆள் குறையக் குறைய உனக்குக் கூலி கூடும் என்பது. அது உண்மைதானா என்று பிறகு யோசித்தேன். கூலி கூடலாம், ஆனால் ஒரு தளத்தின் கடைசி வரிசையில் நிற்பவன் தன் கூலியை எத்தனை வருஷத்துக்கு நம்ப முடியும் என்பதை அவன் தீர்மானிப்பதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாவட்ட நீதிமன்றம் இருப்பதால் தட்டச்சுக்காரர்களுக்கு அங்கே எப்போதும் வேலை இருந்தது. கோத்ரெஜ் கம்பெனி 2009-ல் தட்டச்சுப் பொறி செய்வதை நிறுத்தியபோது அவர்களில் பலர் ஏற்கெனவே கணிப்பொறிக்கு நகர்ந்திருந்தார்கள். நகர முடிந்ததற்குக் காரணம், பழைய தட்டச்சின் தமிழ் விசை அமைப்பு கணிப்பொறிக்குள்ளும் கிடைத்தது. 1999-ல் தமிழ்99 என்று புது விசைப்பலகையைத் தரப்படுத்திய பிறகும், பழைய அமைப்பைக் கைவிடாமல் கூடவே வைத்தார்கள். விரல் கற்றதை வீணாக்காத மாற்றம் அது. பாக்ஸ்ப்ரோக்காரர்களுக்கு அப்படி எதையும் யாரும் வைக்கவில்லை. என் நண்பர் இப்போது ஜிஎஸ்டி படிவம் ஏற்றிக் கொடுக்கிறார். நிரல் எழுதிய கை படிவம் நிரப்புகிறது.

சென்ற மாதம் அவரோடு அந்த நூல் கடைக்கு மறுபடி போயிருந்தேன். பழைய பாக்கித் தகராறு ஒன்று. டேலிக்கு மாறியபோது ஒவ்வொரு பார்ட்டிக்கும் தொடக்க இருப்பு என்று ஒரு தொகையை மட்டும்தான் கொண்டுபோனார்கள். அந்தத் தொகை எப்படி வந்தது என்பது பழைய பொறியிலேயே தங்கிவிட்டது. துணியை விலக்கி ஓடவிட்டார். பேரேட்டின் வலது ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து வைத்திருந்தார் காலமாகிப்போன கணக்குப்பிள்ளை. நண்பர் எழுத்துக் கூட்டி வாசித்தார்: 'மகன் வந்தால் கடன் இல்லை. மருமகன் வந்தால் கேட்காமல் கொடுக்கவும்.' கடைக்காரர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மகனுக்கில்ல குடுத்துக்கிட்டு இருக்கோம்" என்றார்.